எப்பம் வந்தே, எப்பம் போறே?

ஜூன் பிறந்துவிட்டால், தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் குடியிருக்கிற எங்கள் தென்காசிப் பக்கத்து ஊர்க்காரர்கள் கடைத்தெருவில் பார்த்துக்கொள்ளும்போது முதலில் கேட்பது, "ஊர்ல சாரல் உண்டா?" என்றுதான். பிள்ளைகள் படிப்பு, சுகர், பிரஷர் எல்லாம் அப்புறம். உண்டு என்று தெரிந்தால் முகம் மலரும். இல்லையென்றால், நாம் போய் நனையப்போவதில்லை என்பதையே மறந்து, "இந்த வருசம் சீசன் பிந்திட்டு போல" என்று வருத்தப்பட்டுக்கொள்வோம்.

சென்னையில் பிறந்த என் பிள்ளைகளுக்குச் சாரலைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே விழும். குடை பிடித்தால் காற்று குடையைத் திருப்பிவிடும். பிடிக்காவிட்டால் சட்டை நனைந்ததும் தெரியாது, காய்ந்ததும் தெரியாது. செங்கோட்டைக்கு மேற்கே மலையில் ஒரு வாசல் இருக்கிறது, ஆரியங்காவுக் கணவாய். கேரளத்தில் கொட்டித் தீர்க்கிற தென்மேற்குப் பருவமழையின் மிச்சம் அந்த வழியாகத்தான் எங்களுக்கு வரும். புளியரை, குற்றாலம், இலஞ்சி, ஆய்க்குடி, தென்காசி வரைக்கும் ஈரம். பாவூர்சத்திரத்தில் அது குறையும். ஆலங்குளம் போனால் வெறும் காற்று. சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். மற்ற ஜில்லாக்காரர்கள் ஐப்பசியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கையில் நாங்கள் ஆனியிலேயே கார் நடவை முடித்திருப்போம். தென்காசிக் கோயில் கோபுர வாசலுக்குள் நுழைந்தால் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். இடிந்து நின்ற அந்தக் கோபுரத்தைத் திரும்பக் கட்டி 1990-ல் குடமுழுக்கு நடத்தினார்கள். கோபுரம் எழுந்த அதே வருசங்களில்தான் எங்கள் செட்டுப் பையன்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டுக் கிளம்பினோம்.

எங்கள் ஊர் பாவூர்சத்திரத்துக்கும் கடையத்துக்கும் நடுவில் ஒரு கிராமம். வயல் கொஞ்சம், குளம் ஒன்று, அம்மன் கோயில் ஒன்று. மீதியெல்லாம் பீடி. மத்தியானம் தெருவில் நடந்தால் ஒவ்வொரு திண்ணையிலும் நாலைந்து பெண்கள் கால் நீட்டி, மடியில் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். அம்மா ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றிவைத்துவிடுவாள். காலையில் தகரத் தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் அளவு பார்த்து வெட்டுவாள். தட்டில் ஒரு பக்கம் வெட்டிய இலை, ஒரு பக்கம் தூள். சிட்டிகைத் தூளை இலையில் பரப்பி, இரண்டு பெருவிரலாலும் உருட்டி, வாயை மடக்கி, நூலைச் சுற்றி இறுக்கினால் ஒரு பீடி. இருபத்தைந்து எண்ணினால் ஒரு கட்டு. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி பேசுவது ஆயிரத்துக்குத்தான். கொண்டுபோய்க் கொடுக்கிற இடத்தில் கழித்துப் போட்டது போகத்தான் கணக்கு.

இவ்வளவும் நடக்கும்போது அம்மாவின் கண் பீடியில் இருக்காது, எதிரே உட்கார்ந்து படிக்கிற என்மேல் இருக்கும். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் ஏமாற்ற முடியாது. "ஏல, அதே பக்கத்துலயே எம்புட்டு நேரமா இருக்க? திருப்பு" என்பாள். நான் திருப்புவேன். புரியாமல் திருப்பிய பக்கங்கள் நிறைய. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் நல நிதியிலிருந்து படிப்பு உதவித்தொகை உண்டு. அந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்க அவள் ஒரு நாள் சோலியை விட்டுவிட்டு அலைவாள். அந்த நாளைய ஆயிரத்தை மறுநாள் ராத்திரி விளக்கு வைத்து முடிப்பாள். நான் பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போனது அந்த ஆயிரங்களில்தான். அவற்றை யார் வாங்கிக் குடித்து எங்கே இருமினார்கள் என்று அன்றைக்கு யோசித்ததில்லை.

எங்கள் பக்கத்தில் படிக்கவைப்பதே வெளியே அனுப்பத்தான். விபூதி பூசுகிற பூசாரியிலிருந்து கணக்கு வாத்தியார் வரைக்கும் எல்லோரும் சொன்ன வாழ்த்து ஒன்றுதான்: "நல்லாப் படிச்சு வெளிய போயிருடே." படிப்பு ஏறாதவனும் போனான். ஒன்பதாம் வகுப்பில் நின்றவன் மாமாவோடு சென்னை மளிகைக் கடைக்கோ பம்பாய் தாராவிக்கோ போனான். தேறியவன் ஆபீஸ் வேலைக்குப் போனான். இரண்டு பேரும் தென்காசியில் ஒரே கொல்லம் மெயிலில்தான் ஏறினோம். அவன் பொட்டலம் கட்டக் கற்றுக்கொண்டான், நான் கோப்பு கட்ட. இன்றைக்கு அவன் சொந்தக் கடை வைத்திருக்கிறான், நான் ரிட்டயர்மென்ட் தேதி எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஊரில் தங்கியது யார் என்றால் பெண்கள். அக்கா பத்தாம் வகுப்பில் எடுத்த மார்க்கை நான் எடுக்கவில்லை. ஆனாலும் பரீட்சை முடிந்த மறுவாரம் அவள் மடியில் தட்டு ஏறிவிட்டது. கல்யாணமாகிப் பக்கத்து ஊருக்குப் போனபோது தட்டும் கூடவே போனது. போனில் ஒருமுறை அவளிடம் சாரலைப் பற்றி ஏங்கிப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சாரல் உனக்குச் சொகம்டே. எனக்குத் தூளு நமத்துப் போவும், பீடி காயாது, கொண்டுபோனா பாதியக் கழிச்சிப் போடுவான்." அதற்குப் பிறகு அவளிடம் பருவநிலை பேசுவதை விட்டுவிட்டேன்.

அதனால்தான், 'இளைஞர்களே, சொந்த ஊரில் தங்குங்கள்' என்று மேடையில் யாராவது முழங்கினால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். வேறு வழியில்லாமல் தங்கியவர்களை எங்கள் ஊர் தாராளமாகவே பார்த்திருக்கிறது. தங்குவதற்கும் ஒரு கௌரவம் வேண்டும், கையில் ஒரு சம்பளம் வேண்டும். வேண்டாம் என்றால் கிளம்பிப்போகிற சுதந்திரமும் வேண்டும்.

அப்படித் தங்க முடிந்த காலமும் எங்கள் பக்கம் உண்டு. 1880களில் ஹார்வி கம்பெனி பாபநாசம் மலையடியில் தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பிப் பஞ்சாலை கட்டியது. விக்கிரமசிங்கபுரம் என்ற ஊர் அந்த மில்லைச் சுற்றித்தான் வளர்ந்தது. அப்பா மில், மகன் மில், பேரனும் மில். மில்லில் வேலை என்றால் யோசிக்காமல் பெண் கொடுப்பார்கள். மில் சுருங்க ஆரம்பித்ததும் அந்தத் தெருப் பையன்களும் எங்களோடு ரயில் ஏறினார்கள். ஒரே ஒரு கூரையை நம்பி ஊர் இருந்தால் இதுதான் கதி.

போனவர்கள் எல்லோருமே மறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல மாட்டேன். ஆழ்வார்குறிச்சியில் பிறந்த எஸ். அனந்தராமகிருஷ்ணன் சென்னைக்குப் போய் சிம்ப்சன் கம்பெனியை வாங்கிப் பெரிய தொழில் குடும்பத்தையே கட்டியவர். பிறந்த ஊரை அவர் மறக்கவில்லை. பரமகல்யாணி பள்ளியும் கல்லூரியும் அவர் குடும்பத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு அங்கே நிற்கின்றன. குற்றாலத்தில் கோயில் பணத்தில் பராசக்தி பெண்கள் கல்லூரி வந்தது. அந்த ஒரு கல்லூரி எத்தனை வீடுகளில் தட்டை இறக்கிவைத்தது என்று யாராவது உட்கார்ந்து எழுதவேண்டும். ஊர்ப் பக்கமே தங்கிய பெரியவரும் உண்டு. இலக்கிய ரசனைக்குப் பேர்போன ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் இருந்துகொண்டார், ராஜாஜியும் கல்கியும் அவரைப் பார்க்க அங்கே வந்தார்கள். பெரிய மனிதராக வேண்டுமென்றால் மதராசில்தான் இருக்கவேண்டும் என்பதை அவர் அன்றைக்கே பொய்யாக்கிவிட்டார். என்ன, அவருக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை.

என் மனசுக்கு நெருக்கமான ஆள் ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்து ஊர் திரும்பியவர். 1981-ல் அமர் சேவா சங்கத்தை ஆய்க்குடியிலேயே தொடங்கினார். பிற்பாடு தசைச்சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் இயங்கும் ஆடிட்டர் எஸ். சங்கரராமனும் சேர்ந்துகொண்டார். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சேவையாகத்தான் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்ததும் அதற்காகத்தான். நான் பார்ப்பது இன்னொன்று. பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும், சிறப்பாசிரியர் வேண்டும், கிராமம் கிராமமாகப் போய்க் குழந்தைகளைப் பார்த்துவர ஆள் வேண்டும். சுற்றுவட்டாரப் பெண்கள் அதற்குப் படித்தார்கள், வேலைக்கு வந்தார்கள். ஊருக்கு என்ன தேவையோ அதுவே ஊருக்குச் சோலி ஆயிற்று. படுக்கையில் கிடந்த ஒருவர் செய்துகாட்டிய காரியம் இது.

இப்போது எல்லோரும் பேசுவது மத்தளம்பாறையை. 2011-ல் தென்காசிப் பக்கம் சின்னதாகத் தொடங்கிய சோஹோ மென்பொருள் நிறுவனத்தின் கிளை இன்று அந்தக் கிராமத்தில் பெரிய வளாகமாக இருக்கிறது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அமெரிக்காவிலிருந்து அங்கேயே வந்து குடியேறினார். அவருடைய கருத்துகளில் எனக்கு உடன்பாடு இல்லாதவை பல உண்டு. அது வேறு பேச்சு. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்த பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காமல், மாதாமாதம் கையில் உதவித்தொகையும் கொடுத்துத் தொழில் கற்பித்து வேலைக்கு எடுத்துக்கொள்கிற பள்ளி ஒன்றை அவர்கள் 2005-லிருந்து நடத்துகிறார்கள். முதலில் சென்னையில் இருந்தது. பிறகு தென்காசிக்கும் வந்தது. எங்கள் காலத்தில் அது இருந்திருந்தால் அக்கா அதில் சேர்ந்திருப்பாளா என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வீட்டில் விட்டிருக்க மாட்டார்கள் என்பதுதான் நிஜம். ஆனால் அவள் கேட்டாவது இருப்பாள்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி மத்தளம்பாறைக்கு ஸ்கூட்டியில் போய்வருகிறாள். சென்ற ஆடியில் ஊருக்குப் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். சாயங்காலம் வெளிச்சத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறாளாம். வாடகை இல்லை, ஹாஸ்டல் சாப்பாடு இல்லை, சம்பளத்தில் பாதிக்குமேல் மிஞ்சுகிறதாம். தம்பியைப் படிக்கவைக்கிறாள். வீட்டுக்கு ஏ.சி. வாங்கிப் போட்டிருக்கிறாள். எங்கள் தெருவில் ஏ.சி. என்பதே எனக்குப் புதிது. "அப்பம் ஒனக்கு ஒரு குறையும் இல்ல?" என்று கேட்டேன். சிரித்தாள். "பொண்ணு பாக்க வாரவங்கதான் மாமா. ஏன் இங்கனயே இருக்கா, பெங்களூர்ல கெடைக்கலையான்னு அம்மாட்ட கேக்காங்க."

அந்த ஒரு வரியைத்தான் ஊருக்குப் போய் வந்ததிலிருந்து மென்றுகொண்டிருக்கிறேன். கம்பெனி வந்துவிட்டது. கல்லூரி சுரண்டையிலும் இருக்கிறது, ஆலங்குளத்திலும் இருக்கிறது. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமே ஆகிவிட்டது. ஒரு கையெழுத்துக்காகத் திருநெல்வேலிக்கு ஓடிய காலம் போயிற்று. எங்கள் வாய் மட்டும் மாறவில்லை. ஊருக்குப் போய்ப் பையை வைக்கிறதுக்குள் கேட்பார்கள், "எப்பம் வந்தே?" அடுத்த மூச்சில், "எப்பம் போறே?" விருந்தாளிக்கு அது பிரியமான கேள்விதான். அதையே ஊரில் இருக்கிற பையனிடமும் கேட்கிறோம். 2020 ஊரடங்கில் வெளியூர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்து சேர்ந்தார்கள். மொட்டை மாடியில் சிக்னல் தேடி, மடிக்கணினியோடு சாரலில் நனையாமல் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். டீக்கடை பெஞ்சில் இருபத்தைந்து வயதுக்காரர்களை நான் என் வாலிபத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தேன். ஆனால் நாலு மாதம் தாண்டியதும் பெரிசுகள் குசுகுசுத்தார்கள்: "என்னவே, பயலுக்கு வேலை போயிட்டோ?"

எல்லோரையும் ஊரில் கட்டிப்போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அக்கா மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். அவனிடம் இதையெல்லாம் ஆர்வமாகச் சொன்னபோது முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டான்: "நீங்க மெட்ராஸ்ல இருந்துக்கிட்டு எங்கள இருக்கச் சொல்லுதீங்க, என்ன மாமா?" பதில் இல்லை. அவன் போகட்டும். உலகத்தைப் பார்க்கட்டும். சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். அங்கேயே தங்கிவிடாமல் திரும்பியதால்தான் அந்த வறண்ட பூமியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சகமும் வந்தன. அந்தத் தொழில்களின் இன்னொரு முகமும் நமக்குத் தெரியும், குழந்தைகளின் விரல்களும் வெடி விபத்துகளும். ஆனால் கற்றுக்கொண்டதைக் கொண்டுவந்து இறக்க ஒரு ஊர் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

எங்கள் பக்கத்தில் இறக்குவதற்கு இடமா இல்லை? பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி லாரிகள் புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகின்றன. ஓணம் வந்தால் விலை ஏறும், போனால் விழும். விலை விழுந்த நாளில் தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டு வருகிற விவசாயியை நானே பார்த்திருக்கிறேன். புளியங்குடி எலுமிச்சைக்கு நாடெங்கும் பேர். அங்கிருந்து காயாகவே மூட்டையில் போகிறது. சாறாகவோ ஊறுகாயாகவோ போவது கொஞ்சம்தான். செங்கோட்டைத் தோப்புகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் காய்க்கின்றன, சீசன் கூட்டம் வராத வருசம் விற்க ஆளில்லை. குளிர்பதனக் கிடங்கு, உணவுப் பதப்படுத்தல், பழுது பார்த்தல், கணக்கு எழுதுதல், ஏற்றுமதிக் காகிதம் என்று இதைச் சுற்றி எத்தனை பேருக்கு வேலை வரும்! உணவுத் தொழில்நுட்பம் படித்த பிள்ளைகளை நான் சென்னையில் பார்க்கிறேன். ஏதோ ஒரு மாலில் பில் போடுகிறார்கள். பீடியும் குறைந்துவருகிறது. குடிப்பவர்களின் நுரையீரலுக்கு அது நல்ல சேதிதான். தட்டை இறக்கிவைத்த பெண்களுக்கு அடுத்த சோலி என்ன என்று கேட்பவர்கள் ஆலங்குளத்திலும் முக்கூடலிலும்தான் இருக்கிறார்கள், சென்னைக் கோட்டையில் குறைவு.

அரசாங்கம் செய்யட்டும். விழுப்புரத்தில், தஞ்சாவூரில், சேலத்தில், தூத்துக்குடியில் சின்ன டைடல் பார்க் கட்டியிருக்கிறது, நல்ல காரியம். ஆனால் போனவர்களாகிய நாம் ஊருக்கு என்ன செய்தோம்? நம் பணம் ஊருக்குப் போகாமல் இல்லை. அம்மன் கோயில் கொடைக்கு வரி கேட்டால் தயங்காமல் கொடுக்கிறோம். வில்லுப்பாட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் லட்சம் லட்சமாகச் சேர்கிறது. நெல் விளைந்த வயலில் மஞ்சள் கல் ஊன்றிய பிளாட்டுகளை வாங்கிப்போடுகிறோம். அதனால் நிலத்தின் விலை ஏறி, ஊரில் சம்பாதிக்கிற பையன் ஊரில் ஒரு மனை வாங்க முடியாத நிலைமை வந்துவிட்டது. ஆசையாகக் கட்டிய வீட்டை வருசத்தில் பத்து நாள் திறக்கிறோம். ஏக்கம் என்று நாம் பெருமூச்சுவிட்டுச் சொல்வதற்கு ஊரில் இருக்கிறவன் கொடுக்கிற விலை இது. சாரலைப் பற்றி இவ்வளவு உருகுகிற எனக்கும் அங்கே ஒரு பூட்டு தொங்குகிற வீடு உண்டு, மறைப்பானேன்.

ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி எதுவும் இல்லை. என்னைப்போலக் கிளம்பி வந்தவர்களிடம்தான் கேட்கிறேன். உங்கள் வயல் தரிசாகக் கிடந்தால், உழுகிற பையன் பேரில் முறையாகக் குத்தகை எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல்லை நம்பி அவன் போர் போட முடியாது, பேங்கில் கடன் கேட்க முடியாது. சென்னையில் கடையோ கம்பெனியோ வைத்திருந்தால், கணக்கு எழுதுகிற நாலு பேரைத் தென்காசியில் உட்கார வையுங்கள். அடுத்த கொடைக் கூட்டத்தில் வாணவேடிக்கைச் செலவில் ஒரு பங்கைப் படிக்கிற பெண்களின் பஸ் செலவுக்கு ஒதுக்கச் சொல்லி எழுந்து பேசுங்கள். பெண் பார்க்கப் போகிற இடத்தில், ஊரில் வேலை பார்க்கிற பெண்ணைப் பற்றி ஏளனமாகக் கேட்கிறவரை அங்கேயே மறித்துப் பேசுங்கள். பூட்டிக்கிடக்கிற வீட்டின் முன்னறையையாவது ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கவோ தொழில் பார்க்கவோ விடுங்கள். வாடகை பெரிதாக வராது. கரண்ட் பில்லை அவர்களே கட்டிக்கொள்வார்கள்.